எங்கள் ஊர் ஹைஸ்கூலில் ஓராண்டு: பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் வானம் பார்த்த பூமியில் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்பு. மொத்தப் பிள்ளைகளையும் எண்ணினால் நூறு தேறாது. ஒவ்வொரு ஜூன் மாதமும் சேர்க்கை பெஞ்சில் உட்காரும்போது அதே கேள்விகள்தான் வருகின்றன. வருடம் ஓட ஓட வேறு சில கேள்விகள் வரும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் தொண்டை மிஞ்சும்.

ஹைஸ்கூலில் பத்தோடு முடிந்துவிடுமே? இப்போதே டவுன் மேல்நிலைப் பள்ளியில் போட்டால் ஒரேயடியாகப் பன்னிரண்டு வரை முடித்துவிடலாம் அல்லவா?

முடிக்கலாம். வசதியும் மனசும் இருந்தால் போடுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் பதினோரு வயதுப் பிள்ளை தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எங்களிடம் இல்லாததைச் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியர், தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகத்துக்கு ஆளுக்கொருவர். அவ்வளவுதான். ஒருவர் மாறுதலில் போய்விட்டால் அந்தப் பாடம் அந்தரத்தில் தொங்கும். ஒரு வருடம் ஆறு மாதம் நானே அறிவியலும் எடுத்தேன். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று முந்தின நாள் இரவு படித்துவிட்டு வந்து நடத்தினேன். இருப்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை வரவில்லை என்றால் முதல் பீரியட் முடிவதற்குள் ஐந்து ஆசிரியர்களுக்கும் தெரிந்துவிடும். டவுனில் ஒரு செக்‌ஷனில் ஐம்பது பேர்.

சேர்க்கைக்கு என்ன கொண்டு வர வேண்டும்?

பழைய பள்ளியின் டி.சி., ஆதார் நகல், சாதிச் சான்று, பிள்ளை பெயரில் பேங்க் பாஸ்புக் இருந்தால் அதுவும். ஏதாவது ஒன்று இல்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டாம். முதலில் பிள்ளையைக் கூட்டி வாருங்கள், காகிதம் பின்னால் வரும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: பெயர், இனிஷியல், பிறந்த தேதி. ஆறாம் வகுப்பில் எமிஸில், அதாவது பிள்ளைகளின் விவரம் ஏறும் அரசின் கணினிப் பதிவில், ஏறும் பெயர்தான் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை போகும். அந்த மார்க் ஷீட்தான் காலம் முழுவதும் வயதுக்குச் சாட்சி. ஆதாரில் ஒரு இனிஷியல், டி.சி.யில் ஒரு இனிஷியல் என்று இருந்தால், பத்தாம் வகுப்பு பெயர்ப்பட்டியல் அனுப்பும் நேரத்தில் நீங்கள் இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடையாய் நடக்க நேரிடும்.

என்னவெல்லாம் இலவசம்?

படிப்புக்குக் கட்டணம் இல்லை. புத்தகம், நோட்டு, பை, காலணி, ஜியோமெட்ரி பாக்ஸ், அட்லஸ், பஸ் பாஸ் கிடைக்கும். ஆறு, ஏழாம் வகுப்புக்குப் பருவத்துக்கு ஒரு தொகுப்பாகப் புத்தகம் வரும்; எட்டிலிருந்து முழு ஆண்டுக்கும் ஒரே புத்தகம். சீருடை நான்கு செட், சத்துணவில் பெயர் உள்ள பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பது, பத்துக்கு நீங்கள் எடுத்துத் தைக்க வேண்டும். தைத்து வரும் இலவசச் சீருடை எவனுக்கும் சரியாக இருந்ததில்லை என்பது வேறு கதை. ஊர் டெய்லருக்கு ஜூலை மாதம் முழுக்க அதுதான் வேலை.

சைக்கிள் இங்கே கிடையாது. அது பதினோராம் வகுப்பில்.

சத்துணவு எப்படி?

பத்தாம் வகுப்பு வரை உண்டு. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு சரி, எங்களுக்கு இல்லை. அதனால் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரம் பதினொரு மணிக்கே சோர்ந்துபோவதைப் பார்க்கிறேன். வீட்டில் நீராகாரமாவது கொடுத்து அனுப்புங்கள்.

கலவை சாதம், தினம் ஒரு முட்டை, முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் சில பையன்களுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கக் கூச்சம் வந்துவிடும். அவர்களுக்காகவே எங்கள் ஆங்கில டீச்சர் தன் தட்டோடு வரிசையில் வந்து நிற்பார். இப்போது அந்தக் கூச்சம் இல்லை.

பஸ்ஸை நம்பி அனுப்பலாமா?

நம்பித்தான் ஆக வேண்டும், வேறு வண்டி இல்லை. காலை 8.20க்கு ஒன்று, மாலை 4.50க்கு ஒன்று. காலை வண்டி வராத நாளில் இரண்டு கிராமத்துப் பிள்ளைகள் கருவேலங்காட்டு வழியே நடந்து வருகிறார்கள். பத்தரை மணிக்குப் புழுதிக் காலோடு வாசலில் நிற்பவர்களை நான் ஏன் லேட் என்று கேட்பதில்லை. ஜூன் மாதம் பாஸ் கைக்கு வரும் வரை சீருடையில் இருந்தாலே டிக்கெட் கேட்கக் கூடாது. கேட்டால் வண்டி நம்பரைக் குறித்து வந்து தலைமையாசிரியரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பையன்கள் படியில் தொங்கினால் மட்டும் நான் உங்கள் வீட்டுக்கே வருவேன்.

இங்கிலீஷ் மீடியம் இருக்கா சார்?

காகிதத்தில் இருக்கிறது. வகுப்புக்கு ஆறேழு பேர். தனி அறையும் கிடையாது, தனி ஆசிரியரும் கிடையாது. ஒரே வகுப்பில் இரண்டு புத்தகம் வைத்து நடத்துகிறோம். பெயருக்காகச் சேர்க்க நினைப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை 2010லிருந்து சட்டமாக இருக்கிறது. வீட்டில் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துச் சொல்லித்தர ஆள் இருந்தால் யோசியுங்கள். இல்லையென்றால் தமிழில் கணக்குப் புரியட்டும்; ஆங்கிலத்தை மொழியாக நன்றாகப் படிக்க வைப்போம்.

எட்டு வரைக்கும் எல்லாரும் பாஸ்தானே? அப்புறம் எதற்குப் பிள்ளையை விரட்டுகிறீர்கள்?

ஆமாம், தமிழ்நாட்டில் எட்டு வரை யாரையும் நிறுத்துவதில்லை. அது நல்லதுதான் என்பது என் கட்சி. ஃபெயில் போட்டிருந்தால் இந்த ஊரில் பாதிப் பெண் பிள்ளைகள் ஆறாம் வகுப்போடு நின்றிருப்பார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். வகுத்தல் தெரியாமலேயே ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை வந்துவிட முடியும். கரும்பலகையில் பல்லுறுப்புக் கோவை ஓடிக்கொண்டிருக்கும். அவன் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி நிற்பான். 2025ல் அரசே ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கியவர்களுக்காகத் 'திறன்' என்ற பயிற்சியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பும் மாலையில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்ல வைத்ததுதான். நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கடைக்கு அனுப்பும்போது மீதிக் காசை அவனையே கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

உதவித்தொகைத் தேர்வு என்கிறார்களே, அது யாருக்கு?

இரண்டு இருக்கிறது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ்.; பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம், அதாவது நான்கு வருடத்தில் 48,000 ரூபாய். எங்கள் வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கு அது பெரிய தொகை. ஜூலை முதலே சனிக்கிழமை வகுப்பு வைக்கிறோம், அனுப்பி வையுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு 50 பையன், 50 பெண் பிள்ளைகள். வருமானம் ஒரு லட்சத்துக்குள். தொகை வருடத்துக்கு ஆயிரம்தான். இந்தக் காலத்தில் அது எந்த மூலைக்கு என்று கேட்டால் பதில் இல்லை. ஆனாலும் எழுதச் சொல்கிறேன், பொதுத்தேர்வுக்கு முன்னால் வெளியூர் ஹாலில் உட்கார்ந்து பழகட்டும் என்று.

இரண்டுக்கும் வருமானச் சான்று வேண்டும். கடைசி நாளுக்கு முந்தின நாள் ஓடி வராதீர்கள்.

கையில் கயிறு கட்டி வந்தால் என்ன தப்பு?

கோயில் கயிறு என்று சொல்லித்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். எந்தக் கலர் எந்தத் தெரு என்று எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிப் பிள்ளைகளே கூடப் படித்தவனின் வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு, பொட்டு, மோதிரம் எதிலும் சாதி அடையாளம் கூடாது என்று சொன்னது. எங்கள் பள்ளியில் வாசலிலேயே கழற்றி, மேசை மேல் இருக்கும் டப்பாவில் போட்டுவிட்டு வர வேண்டும்.

இம்மானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11க்கும் தேவர் குருபூஜை நாளான அக்டோபர் 30க்கும் நடுவே இந்த மாவட்டத்தில் போலீஸ் வண்டிதான் அதிகம் ஓடும். அந்த ஒன்றரை மாதம் கபடி டீம் பிரிக்கும்போது நானே நின்று பெயர் வாசிக்கிறேன், தெருவுக்கு ஒரு டீமாக ஆகிவிடாமல்.

விளையாட்டு, கலை விழா எல்லாம் உண்டா?

ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள். அன்றைக்குப் பேச்சுப் போட்டியில் ஆரம்பிக்கும். குறுவட்டப் போட்டிக்குக் கபடி, கோகோவில் போவோம். பெரிய பள்ளியில் நாற்பது பேரில் பன்னிரண்டு பேரைப் பொறுக்குவார்கள். எங்களிடம் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் அதுவே டீம். போன வருடம் கலைத் திருவிழாவில் ஒயிலாட்டத்துக்கு ஆள் காணாமல், பரீட்சையில் எப்போதும் கடைசியாக வரும் பையனைச் சேர்த்தோம். அவன் அப்பா கோயில் கொடையில் ஆடுகிறவராம். எங்களுக்கு அதுவரை தெரியாது.

மழை லீவு?

ஐப்பசி, கார்த்திகையில் கலெக்டர் அறிவிப்பார். கண்மாய் நிறைந்த செய்தி வந்தால் லீவு விடாவிட்டாலும் பாதி வகுப்பு காலிதான். டிசம்பர் அரையாண்டுத் தேர்வு வரை இப்படியே போகும்.

மிளகாய்ப் பழம் பறிக்க நாலு நாள் லீவு தரக் கூடாதா?

இந்தப் பக்கத்தில் வருடத்தின் பெரிய கேள்வியே இதுதான்.

தை பாதியில் பழம் சிவக்க ஆரம்பிக்கும். பங்குனி தாண்டியும் பறிப்பு இருக்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லாரும் கைதட்டினோம். குறியீடு கிடைத்ததே தவிர பறிக்க ஆள் கிடைக்கவில்லை. பழுத்த பழம் செடியில் நின்றால் வீண், பறித்து உடனே காயப் போட்டால்தான் வத்தல் நிறம் நிற்கும். பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வு, ரிவிஷன், பொதுத்தேர்வு எல்லாம் இதே மாதங்களில்தான். துறையின் காலண்டரைச் சென்னையில் போடுகிறார்கள். ஊரின் காலண்டரைச் செடி போடுகிறது.

ஒரு பிப்ரவரியில் ஒரு அம்மா வந்து நின்றார். "சார், நாலு நாளு விடுங்க சார். ஆளு கெடைக்கல. கூலி குடுத்தா வத்தல் வித்து என்ன மிஞ்சும்? இவ புஸ்தகத்த வயலுக்கே கொண்டாந்து படிச்சுக்குவா." பிள்ளை பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டம் பேசியிருக்கலாம். அந்த அம்மா சொன்ன கணக்கில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் தொல்லை.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான். பறிப்பு விடிகாலையில் நடக்கட்டும். வெயில் ஏறுவதற்குள் பிள்ளை குளித்துவிட்டுப் பள்ளிக்கு வந்துவிட வேண்டும். அரை மணி தாமதமானால் யாரும் கேட்க மாட்டோம். முழு நாள் லீவு மட்டும் கிடையாது, பத்தாம் வகுப்புக்கு அறவே கிடையாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரே பேசி முடிவு செய்தது இது. யாரும் மீறாமல் இல்லை. ஆனால் மீறுகிறவர் மறுநாள் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறார், அந்த மட்டில் சரி.

ஒரு சின்ன விஷயம். பழம் பறித்த விரலோடு வரும் பிள்ளைக்குக் காலையில் கை எரியும், கண்ணைத் தொட்டால் தீர்ந்தது. அவர்களை முதல் பீரியடில் எழுதச் சொல்வதில்லை, வாய்க்கணக்குத்தான். மேசை டிராயரில் தேங்காய் எண்ணெய் பாட்டில் எப்போதும் இருக்கும்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் என் பிள்ளை பாஸ் ஆவானா?

ஆவான். எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். நூறு மார்க் இப்படிப் பிரிந்திருக்கிறது: ஒரு மார்க் 14, இரண்டு மார்க் கேள்வியில் பத்து, 20 மார்க், ஐந்து மார்க் கேள்வியில் பத்து, 50 மார்க், எட்டு மார்க் இரண்டு, 16. அந்தப் பதினாறுதான் எங்கள் குலதெய்வம். ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். இரண்டும் கையால் செய்கிற வேலை. தொடுகோடு, வடிவொத்த முக்கோணம், இருபடிச் சமன்பாட்டு வரைபடம் ஆகியவற்றைத் திரும்பத் திரும்ப வரைந்தால் மூளை மறந்தாலும் கை மறக்காது. உதவிப்படத்துக்கு மார்க் உண்டு, அளவுத்திட்டம் எழுதினால் மார்க் உண்டு.

16 வந்துவிட்டதா? ஒரு மார்க்கில் எட்டு சரியாகப் போட்டால் 24. கார்ட்டீசியன் பெருக்கல் சரிபார்ப்பது ஒன்று, திட்ட விலக்கம் ஒன்று, ஐந்தைந்தாகப் பத்து. 34. இரண்டு மார்க் ஒன்று. 36. பாஸுக்கு 35 போதும்.

இதைப் படிப்பு என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கும் நாட்கள் உண்டு. கணக்கின் அழகைக் காட்டத்தான் வேலைக்கு வந்தேன். ஆனால் டிசம்பரில் மூன்று மார்க் வாங்கிய பிள்ளை மார்ச்சில் காம்பஸை ஊன்றி, வில் வெட்டும் இடத்தில் பென்சில் முனையை வைத்து, "சார், சரியா வெட்டுது சார்" என்று திரும்பிப் பார்க்கும்போது அவளுக்கும் ஏதோ தெரிந்துதான் இருக்கிறது.

அறிவியலில் ஒரு எச்சரிக்கை: செய்முறைக்கு 25, எழுத்துக்கு 75. செய்முறையில் குறைந்தது 15ம் எழுத்தில் 20ம் வேண்டும், கூட்டினால் 35 வர வேண்டும். செய்முறைத் தேர்வன்று வயலுக்குப் போன பையன் ஒருவனை அறிவியல் டீச்சர் தன் ஸ்கூட்டியில் போய்த் தூக்கி வந்தார்.

பொதுத்தேர்வு எங்கே நடக்கும்? நாங்கள் கூட வர வேண்டுமா?

எங்கள் பள்ளி தேர்வு மையம் இல்லை. டவுன் மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அன்றைக்கு 8.20 பஸ்ஸை நம்புவதில்லை; பெற்றோர் ஆசிரியர் கழகம் வேன் பிடிக்கும். ஏழரைக்கே பள்ளியில் கூடி, இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். என் பையில் நாலு ஸ்கேல், ஆறு பேனா, இரண்டு காம்பஸ், ஹால் டிக்கெட் நகல்.

பத்து மணிக்கு மணியடித்தால் முதல் பத்து நிமிடம் வினாத்தாள் வாசிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விவரம் சரிபார்க்க. 10.15லிருந்து 1.15 வரை எழுதலாம். விடைத்தாளின் முன்பக்கம் போட்டோவோடு அச்சாகி வரும். அது தன் முகம்தானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். எழுதிய எல்லா விடைகளையும் பயத்தில் குறுக்கே அடித்துவிடக் கூடாது, அது ஒழுங்கீனமாகப் போய்விடும்.

நீங்கள் வர வேண்டாம். வாசலில் அம்மா நின்றால் உள்ளே பிள்ளைக்கு எழுத ஓடாது.

பெண் பிள்ளையைப் பத்தோடு நிறுத்தி...

இந்தக் கேள்வியை யாரும் முழுதாகக் கேட்பதில்லை. "மாமன் மகன் இருக்கான்" என்று இழுப்பார்கள். பதினெட்டு முடியாமல் கல்யாணம் சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போனால் மண்டபம் வரை அதிகாரிகள் வருவார்கள். போன் போடுவது பெரும்பாலும் வகுப்புத் தோழிகள்தான், அந்த நம்பரை நாங்களேதான் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

சட்டத்தைவிடப் பணக் கணக்குச் சுலபமாக ஏறும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம், 2022லிருந்து. பையன்களுக்கும் 2024லிருந்து தமிழ்ப்புதல்வன். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் அதே ஆறு முதல் பன்னிரண்டு வரைக்குத்தான். நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போனாலும் அந்தச் சலுகை போய்விடும்.

ஃபெயிலானால்?

ஒன்றும் ஆகாது. மே மாதம் ரிசல்ட், சில வாரங்களில் துணைத்தேர்வு. அதில் பாஸானால் அதே வருடம் பதினொன்றிலோ ஐ.டி.ஐ.யிலோ சேரலாம். ரிசல்ட் அன்று பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், திட்டுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14417, இல்லையென்றால் என் நம்பர் எல்லா வீட்டுச் சுவரிலும் கரியால் எழுதியிருக்கிறது.

பழைய மாணவன். தமிழ்வழிச் சான்று வேண்டும். லீவில் வந்தால் கிடைக்குமா?

தலைமையாசிரியருக்குப் போன் செய்துவிட்டு வாருங்கள். டி.சி. நகல், மார்க் ஷீட் நகல் போதும். படித்த வருடம் தெரிந்தால் பதிவேட்டைத் தேடுவது சுலபம்.

போன மே மாதம் ஒருவன் வந்தான். குரூப் 4 எழுதப் போகிறானாம். பீரோவைத் திறந்து பழைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அவன் வாசல் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். வருடம் முழுக்கத் தண்ணீர் ஊற்றச் சொல்லி நான் தண்டனை கொடுத்த கன்று அது.

"சார், 8.20 இன்னும் லேட்டாத்தான் வருதா?"

"இன்னைக்கு நீ எதுல வந்த?"

"நடந்துதான் சார்."